சபைக்குப் புதிதாக வருபவரை வரவேற்பது: வரவேற்புக் குழுவில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அடுத்த மாசத்துல இருந்து வரவேற்புப் பொறுப்பை நீங்க பாத்துக்கங்க" என்று போதகர் சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெயர் அட்டை, கையில் ஒரு கட்டு அறிவிப்புத் தாள்; பெரும்பாலான சபைகளில் பயிற்சி அத்தோடு முடிந்துவிடுகிறது. மீதியை ஞாயிறு தோறும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். வாசலில் யாரும் சிரிக்கவில்லை என்பதற்காக ஒரு சபையை விட்டுப் போகிறவர்கள் குறைவு. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அவரவர் ஆட்களைத் தேடிப் போய்விட, நடுவில் தனியாக நின்று, கைபேசியைப் பார்ப்பது போல் பாவனை செய்து, மெல்ல நழுவிப் போகிறவர்களைத்தான் நாம் இழக்கிறோம். ஆகவே குழுவின் உழைப்பில் பாதியை ஆராதனைக்குப் பிந்திய பத்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். வாசல் அதற்கு முன்னுரைதான்.

தொடங்கும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டால் அவசரம் இருக்காது.

1. விருந்தாளியாக ஒருமுறை நடந்து பாருங்கள்

உங்களுக்குப் பழகிப்போன கட்டிடம் இது. அதனால் குறைகள் உங்கள் கண்ணில் படாது. சபைக்கு இதுவரை வராத நண்பர் ஒருவரை வார நாளில் அழைத்து வாருங்கள். தெருவில் நிறுத்திவிட்டு, "உள்ளே போங்க, கழிப்பறையைக் கண்டுபிடிங்க, அப்புறம் உக்கார இடம் தேடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் நடங்கள். அவர் எங்கெல்லாம் நின்று யோசிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில்தான் ஒரு பலகை வேண்டும், அல்லது ஒரு ஆள் வேண்டும்.

பெரும்பாலும் அகப்படுபவை இவை: இரண்டு மூன்று கதவு இருந்து எது திறந்திருக்கும் என்று தெரியாதது, கழிப்பறைக்கு அம்புக்குறி இல்லாதது, இணையப் பக்கத்தில் ஒரு நேரம், பெயர்ப்பலகையில் இன்னொரு நேரம், அறிவிப்புப் பலகை முழுக்கச் சபையாருக்கு மட்டும் புரிகிற சுருக்கெழுத்துகள். பண்டிகை வாரங்களில் ஆராதனை நேரம் மாறும். புதியவர்கள் அதிகம் வருவதும் அதே வாரங்களில்தான். மாற்றிய நேரத்தை இரண்டு வாரம் முன்பே எல்லா இடத்திலும் திருத்திவிடுங்கள்.

அளவுநாடா ஒன்றையும் எடுத்துப் போங்கள். சக்கர நாற்காலி நுழைய, கதவு திறந்த நிலையில் குறைந்தது 80 செ.மீ. இடைவெளி வேண்டும், 90 இருந்தால் வசதி. சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சரிவு 1:12. அதாவது 15 செ.மீ. படி ஒன்றைக் கடக்க 180 செ.மீ. நீளம் வேண்டும். பலகையைச் சும்மா சாய்த்து வைத்தால் ஆள் பின்னால் சரிந்துவிடுவார். உள்ளே நாற்காலி நிற்க ஏறத்தாழ 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் தேவை. அந்த இடத்தைக் கடைசிச் சுவரோரம் ஒதுக்காதீர்கள். இருக்கை வரிசையில் ஒரு முனையைக் குறைத்து, குடும்பத்தார் பக்கத்திலேயே உட்காரும்படி வையுங்கள்.

2. முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டிய தாள்கள்

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். சிக்கல் வரும்போது முதலில் தேடுவதும் இதைத்தான். நான்கு வேண்டும்.

முதலாவது, குழு எதைச் செய்யலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று சபைக் கமிட்டி எழுதிக் கொடுத்த தீர்மானம். வாய்மொழியாக வாங்கினால், போதகர் மாறியதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது, சிறுவர் பாதுகாப்பு விதி. உங்கள் சபையிலோ தலைமை அமைப்பிலோ ஏற்கெனவே இருந்தால் அதன் பிரதியை வாங்குங்கள். இல்லையென்றால் குறைந்தபட்சம் இதையாவது எழுதி ஏற்கச் செய்யுங்கள்: குழந்தைகள் இருக்கும் அறையில் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும், ஒப்படைத்தவரிடமே குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும், பெற்றோர் அனுமதியின்றிப் படம் எடுப்பதோ பகிர்வதோ கூடாது.

மூன்றாவது, திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்று போதகர் எழுதித் தந்த இரண்டு வரி. இது ஏன் அவசியம் என்று ஆறாம் பகுதியில் வருகிறது.

நான்காவது, விருந்தினர் அட்டை. இதில்தான் சபைகள் அதிகம் சறுக்குகின்றன. முகவரி, பிறந்த நாள், திருமண நாள், தொழில், பழைய சபை, எப்போது ஞானஸ்நானம் எடுத்தார் என்று பத்துப் பதினைந்து கட்டம் போட்டு நீட்டினால், ஏதோ வழக்குக்கு வாக்குமூலம் கொடுப்பது போல இருக்கும். நான்கே வரி போதும்: பெயர், தொடர்புக்கு ஏதாவது ஒரு வழி, எப்படித் தொடர்புகொள்ளலாம் (அழைக்கலாம், குறுஞ்செய்தி மட்டும், இப்போதைக்கு வேண்டாம்), ஜெபக் குறிப்பு ஏதாவது இருந்தால் அது. ஜெபக் குறிப்பு வரிக்குக் கீழே, அதை யார் படிப்பார்கள் என்று அச்சிடுங்கள். "போதகர் மட்டும்" என்று போட்டுவிட்டு புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தால், எழுதியவர் திரும்பி வரமாட்டார். வரவும் வேண்டியதில்லை.

அட்டைக்குப் பதிலாக மேசையில் ஒரு பெரிய நோட்டைத் திறந்து வைத்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அடுத்து வருபவர் எல்லோருடைய கைபேசி எண்ணையும் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். அட்டைகளை மூடிய பெட்டியில் போடச் சொல்லி, அன்றே ஒருவர் எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்பே இல்லையென்றால் கிழித்துவிடுங்கள். தனிநபர் தகவல் பற்றிய சட்டம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. கேட்ட காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்துவது, தேவை தீர்ந்ததும் அழிப்பது என்ற இரண்டையும் கடைப்பிடித்தால் பெரும்பாலான தொல்லை வராது. அட்டையில் எண் தந்தார் என்பதற்காகச் சபை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். அவர் கேட்டால் மட்டும்.

3. ஆட்களைச் சேர்த்தல்

நூறு பேர் வரும் ஆராதனைக்கு ஒரு முறைக்கு ஆறு பேர் வேண்டும். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவர். வாசலில் இருவர், ஒருவர் விருந்தாளியோடு உள்ளே நடந்து போனாலும் மற்றவர் வாசலிலேயே நிற்பார். உள்ளே இடம் காட்ட ஒருவர். குழந்தைகள் பகுதிக்கு வழிகாட்ட ஒருவர். பானம், சிற்றுண்டி பார்க்க ஒருவர். ஐம்பது பேருக்குள் வரும் சபை என்றால் மூன்று பேர் போதும். ஆனால் வாசலில் ஒருவர் மட்டும் என்ற நிலை வேண்டாம். அவர் யாருக்காவது கழிப்பறை காட்டப் போன நேரத்தில்தான் புதியவர் வந்து நிற்பார்.

இப்படி நான்கு அணி அமைத்தால் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு முறைதான் வேலை. பட்டியலை மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் போட்டுவிடுங்கள். வர முடியாதவர் தானே மாற்று ஆளைப் பிடித்துத் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. இல்லையேல் சனிக்கிழமை இரவெல்லாம் நீங்கள் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

யாரைச் சேர்ப்பது? கலகலப்பாகப் பேசுகிறவர்தான் பொருத்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்களுக்கு நண்பர்கள் அதிகம். வாசலில் நின்றால் நண்பர்களிடமே பேசிக்கொண்டிருப்பார்கள். கடந்த இரண்டு வருடத்துக்குள் சபைக்கு வந்தவர்களைக் கேளுங்கள். தனியாக நின்ற அனுபவம் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. முதியவர், இளைஞர், பெண்கள், ஆண்கள், தனியாக வாழ்பவர் எனக் கலந்து இருக்கட்டும். ஒரே குடும்பத்தார் ஆறு பேர் வேண்டாம். போதகர் வீட்டாரையும் இதில் இழுக்காதீர்கள். அவர்களுக்கு வேறு ஆயிரம் வேலை.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் போதும். சொற்பொழிவு வேண்டாம். ஒருவர் விருந்தாளியாக, ஒருவர் வரவேற்பாளராக நடித்துப் பார்க்கட்டும்: தாமதமாக வந்தவர், அழும் குழந்தையோடு வந்தவர், பேச விரும்பாதவர், குடித்துவிட்டு வந்தவர். அவசர வாசல் எது, தீயணைப்பான் எங்கே, முதலுதவிப் பெட்டி யாரிடம் என்பதையும் அப்போதே நேரில் காட்டிவிடுங்கள்.

4. அன்றைய நேரக் கணக்கு

ஆராதனைக்கு 60 நிமிடம் முன்: கதவு, விளக்கு, கழிப்பறையில் சோப்பும் தாளும். கழிப்பறையை ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்; "நேத்தே சுத்தம் பண்ணியாச்சு" என்ற பதில் செல்லாது.

30 நிமிடம் முன்: ஆறு பேரும் சேர்ந்து ஐந்து நிமிட ஜெபம், யாருக்கு எந்த இடம் என்று உறுதி. அதன் பிறகு அவரவர் இடத்துக்கு. முதல்முறை வருபவர்கள் மிகச் சீக்கிரம் வருவார்கள், அல்லது மிகத் தாமதமாக வருவார்கள். 25 நிமிடம் முன்பே வந்து காலி அறையைப் பார்த்துத் தயங்குபவரை விட்டுவிடாதீர்கள்.

தொடங்கிய பின்: முதல் பாட்டு ஆரம்பித்ததும் வாசல் ஆட்கள் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவது பொதுவான தவறு. ஒருவராவது பிரசங்கம் தொடங்கும்வரை வாசலில் இருக்க வேண்டும். தாமதமாக வந்தவரை ஜெபம் நடக்கும்போது உள்ளே நடத்திப் போகாமல், அடுத்த பாட்டு வரை தாழ்வாரத்தில் நிறுத்தி, "இந்தப் பாட்டு ஆரம்பிச்சதும் போகலாம்" என்று சொன்னால் அவருக்கும் கூச்சம் இருக்காது.

கடைசிப் பாட்டு: இருவர் முன்கூட்டியே எழுந்து வாசலுக்கு வர வேண்டும். ஆசீர்வாதம் முடிவதற்குள்ளேயே கிளம்பிவிடுகிற விருந்தாளிகள் உண்டு. அவர்களை மறிக்க வேண்டாம். கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

5. வாசலில் என்ன பேசுவது

"முதல் தடவையா வர்றீங்களா?" என்று கேட்காதீர்கள். ஒரு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து போகிறவராக இருக்கலாம். அந்த ஒரு கேள்வியில் அந்த ஒரு வருடமும் வீணாகிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வணக்கம்ங்க. நாம பேசினதில்லைன்னு நினைக்கிறேன். என் பேரு..."

இதற்கு எந்தப் பதில் வந்தாலும் பேச்சு தொடரும். பழைய ஆள் என்றால், "நான் ரெண்டு வருஷமா வர்றேன்" என்று சிரிப்பார். புதியவர் என்றால் அவரே சொல்லுவார். அதன் பிறகு நடைமுறைச் செய்தி: "ஆராதனை ஒன்றரை மணி நேரம் இருக்கும். கழிப்பறை இடது பக்கம். பாட்டு வரிகள் திரையில வரும். எங்க வேணும்னாலும் உக்காரலாம்." எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே சொல்வது பெரிய உதவி, குழந்தையோடு வருபவர், பேருந்தைப் பிடிக்க வேண்டியவர், மாத்திரை நேரம் பார்ப்பவர் எல்லோரும் அதைத்தான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சொந்த ஊர் எது, என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா, குழந்தை இல்லையா, எந்தச் சபையிலிருந்து வருகிறீர்கள், ஏன் அங்கே போகவில்லை: இவை ஒன்றும் வாசலில் வேண்டாம். நம் ஆட்களுக்கு இது அன்பான விசாரிப்பு. கேட்கப்படுபவர் விவாகரத்தானவராகவோ, வேலை இழந்தவராகவோ, பழைய சபையில் அடிபட்டு வந்தவராகவோ இருந்தால் அந்த இடத்திலேயே சுருங்கிப்போவார். ஜாதியைத் துப்புத் துலக்க ஊர்ப்பெயர் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் எவ்வளவு சிரித்தும் பயனில்லை.

தொடுவதில் கவனம். கட்டிப்பிடிப்பது, தோளில் தட்டுவது வேண்டாம். கை நீட்டினால் கை கொடுங்கள், கும்பிட்டால் கும்பிடுங்கள். எல்லோரையும் முதல் நாளே "பிரதர்", "சிஸ்டர்" என்று அழைத்தால் சபைப் பழக்கம் இல்லாதவர் திகைப்பார். ஐயா, அம்மா, தம்பி என்று வயதுக்கேற்றபடி அழைத்து, பெயர் தெரிந்ததும் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் காட்டும்போது முதல் வரிசைக்கு இழுத்துப் போகாதீர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று முன்னால் இருப்பவரைப் பார்த்துத்தான் புதியவர் செய்வார். முதல் வரிசையில் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னாலிருந்து மூன்று, நான்காம் வரிசைகளில் நடைபாதை ஓர இருக்கைகளைக் காலியாக வைக்கும்படி சபையாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "அது எங்க குடும்ப இடம்" என்று எழுப்பிவிடுகிற ஆள் எந்தச் சபையிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் போதகர் தனியாகப் பேசட்டும், அதுவும் வார நாளில்.

பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை கட்டியவருக்குக் காலடி என்று செய்யாதீர்கள் என யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. யாரை யார் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று நான்கு வாரம் அமைதியாகக் கவனித்துப் பாருங்கள். நல்ல காரில் வந்தவரை உள்ளே அழைத்துப் போக இரண்டு பேர் ஓடுவதும், நடந்து வந்தவருக்குக் கையால் திசை காட்டுவதும் தெரிந்தால், அணிக்குள் பேச வேண்டிய விஷயம் அதுதான்.

6. ஆராதனை நடக்கும்போது

விருந்தாளியை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகம் செய்யும் வழக்கம் பல சபைகளில் உண்டு. எழுந்து நிற்பதை விரும்புகிறவர்கள் சிலர். மற்றவர்கள் அதற்குப் பயந்தே அடுத்த வாரம் வரமாட்டார்கள். மாற்று வழி எளிது: "இன்று புதிதாக வந்திருப்பவர்களுக்கு வணக்கம். ஆராதனைக்குப் பின் வாசலருகே மேசையில் எங்களைச் சந்திக்கலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம்.

நடத்துபவரிடம் மூன்று வாக்கியங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில், "முடிந்தவர்கள் எழுந்து நிற்கலாம்." காணிக்கைக்கு முன், "விருந்தினராக வந்திருப்பவர்கள் காணிக்கை போட வேண்டியதில்லை." பொது ஜெபங்கள் வரும்போது பக்க எண், அல்லது திரையில் வரிகள். எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் பகுதிகளைத்தான் அச்சிட மறந்துவிடுவோம். புதியவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

திருவிருந்து நாள் தனிக் கவனம் கேட்கும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாக அந்தந்தச் சபையாருக்குத்தான் நற்கருணை. புரொட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் ஞானஸ்நானம் பெற்ற எந்தக் கிறிஸ்தவரும் வரலாம். உறுப்பினருக்கு மட்டும் என்கிற சபைகளும் உண்டு. வரிசையில் வந்து நின்ற பிறகு மறுப்பது கொடுமை. போதகர் தந்த இரண்டு வரியை ஆராதனைத் தாளில் அச்சிடுங்கள். "பங்குபெறாதவர்கள் இருக்கையிலேயே அமர்ந்து ஜெபிக்கலாம்" என்பதையும் சேருங்கள். கையை மார்பில் குறுக்காக வைத்து வந்தால் ஆசீர்வாதம் மட்டும் என்பது கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகள் பலவற்றில் பழக்கம். ஆர்த்தடாக்ஸ் சபையிலோ நற்கருணை வாங்க வருபவர்தான் அப்படிக் கை கட்டி வருவார். ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்கு வருபவர் இங்கே குழம்புவது இயல்பு. உங்கள் சபையில் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிவிடுங்கள்.

கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் அப்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரே தட்டில் வேறு அப்பத்தை வைத்தால் தூள் ஒட்டிவிடும். மூடிய தனிப் பாத்திரம் வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும். அந்தப் புரதம் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, முற்றிலும் இல்லாததற்கு இல்லை. அதுவும் ஒவ்வாதவர் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். குடியை விட்டு மீண்டு வருபவருக்குச் சிக்கல் இதற்கு நேர் எதிர்: கிண்ணத்தில் இருப்பது மதுவா, புளிக்காத பழச்சாறா என்று அவர் கேட்காமலே தாளில் எழுதியிருக்க வேண்டும்.

குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதைச் சபையாருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வந்த குழந்தையை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். முதல் நாள் தாயோ தந்தையோ கூட உட்காரட்டும். குழந்தைக்கு ஒரு சீட்டு, பெற்றோர் கையில் அதே எண்ணுள்ள இன்னொரு சீட்டு. சீட்டு இல்லாமல் யாரிடமும் குழந்தையை விடக் கூடாது. தாத்தாவாகவே இருந்தாலும்.

7. கடைசி ஆமெனுக்குப் பின் பத்து நிமிடம்

இனிதான் உண்மையான வேலை.

சபையாருக்கு ஒரு விதி வையுங்கள்: ஆராதனை முடிந்த முதல் மூன்று நிமிடம், தெரிந்தவரோடு பேசக் கூடாது, தெரியாதவரைத் தேடிப் போக வேண்டும். கமிட்டி விவகாரம், பாடகர் குழு ஒத்திகை, சாவி யாரிடம் என்பதெல்லாம் நான்காம் நிமிடத்திலிருந்து. போதகர் மாதம் ஒரு முறை நினைவூட்டினால்தான் இது நிலைக்கும். ஒரு தடவை சொன்னால் இரண்டு வாரத்தில் மறந்துபோகும்.

தாழ்வாரத்தில் கோப்பையோடு ஐந்து பேர் வட்டமாக நின்று பேசுவதைப் பாருங்கள். எல்லோருடைய முதுகும் வெளியே. அந்த வட்டத்துக்குள் புதியவர் நுழைய வழியே இல்லை. இன்னொருவர் வந்து நிற்கும் அளவுக்கு வட்டத்தில் எப்போதும் ஒரு இடைவெளி விட்டு நிற்க உங்கள் அணியினர் பழக வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் தனியாக நிற்பவர் அந்த இடைவெளியைக் கண்ணால் கண்டுவிடுவார்.

புதியவரை ஐந்து பேருக்கு அறிமுகப்படுத்தாதீர்கள்; ஐந்து பெயரும் மறந்துபோகும். ஒருவருக்கு மட்டும், ஏதாவது ஒரு பொதுத் தொடர்போடு: "இவங்களுக்கும் ரெண்டு வயசுல பையன்", "இவரும் இந்தப் பக்கம் குடிவந்து ஆறு மாசம்தான் ஆகுது." அறிமுகம் செய்ததும் உடனே ஓடாமல், அவர்கள் பேச்சு பிடிக்கும்வரை ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் பேச விரும்பவில்லை, தனியாக இருக்கத்தான் வந்தார் என்றால் விட்டுவிடுங்கள். துக்கத்தோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்து போகிறவர்கள் உண்டு. "வந்ததுக்கு நன்றிங்க" என்பதோடு நிற்க வேண்டும்.

8. பானமும் உணவும்

மேசையை வெளியேறும் வழியில், இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே போடுங்கள். தனி மண்டபத்தில் வைத்தால் பழகியவர்கள் மட்டுமே போவார்கள். மேசையின் இரு பக்கமும் ஆள் எடுக்கும்படி சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், வரிசை பாதியாகும்.

அளவு: 150 மி.லி. கோப்பை என்றால் நூறு பேருக்கு 15 லிட்டர். 2 கிலோவாட் மின்சாரக் கொதிகலனில் 10 லிட்டர் நீர் கொதிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஆராதனை முடிய 45 நிமிடம் இருக்கும்போதே போட வேண்டும். இரண்டு கலன்களை ஒரே மின்கம்பியில் செருகினால் மின்சாரம் நின்றுபோவது வழக்கமான விபத்து. தனித்தனி இணைப்பில் செருகுங்கள்.

சாப்பாடு போடும் நாட்களில் வெப்பநிலைதான் எல்லாம். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நீண்ட பிரசங்கம், அதற்குப் பின் அறிவிப்புகள், அதற்கும் பின் ஏலம் என்று இழுத்தால் அந்த இரண்டு மணி நேரம் தெரியாமலே கடந்துவிடும். வீட்டிலிருந்து செய்து வருபவர் எப்போது அடுப்பிலிருந்து இறக்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு அட்டை: பெயர், சைவமா அசைவமா, நிலக்கடலை மற்றும் பிற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, எள், மீன் ஆகியவற்றில் எது உண்டு. ஒரே கரண்டியை எல்லாப் பாத்திரத்திலும் போட்டால் அட்டை எழுதியதும் வீண்.

விருந்தாளிகள் முதலில் எடுக்கட்டும். மேசைமேல் காணிக்கை உண்டியல் வைக்காதீர்கள். "விருப்பமிருந்தால்" என்று எழுதியிருந்தாலும் கையில் காசில்லாதவர் கோப்பையைத் தொடமாட்டார்.

9. அந்த வாரம்

48 மணி நேரத்துக்குள் ஒரு செய்தி. அட்டையில் அவர் அனுமதித்த வழியில், அவரோடு நேரில் பேசியவரே அனுப்ப வேண்டும். இப்படி:

"வணக்கம். ஞாயிறு அன்று வாசலில் சந்தித்தோம். வந்ததில் மகிழ்ச்சி. சபையைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள்."

வசனப் படம், பாட்டு இணைப்பு, வரப்போகும் கூட்டங்களின் பட்டியல் எதுவும் சேர்க்காதீர்கள். பதில் வராவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்து, குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு அழைப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அழைக்காமல் வீட்டுக்குப் போய் நிற்பது வேண்டாம். நான்கு பேராகப் போவது அறவே வேண்டாம்.

அவர் இரண்டாம் முறை வரும்போது பெயரைச் சொல்லி அழைத்தால் அது எத்தனை செய்திக்கும் மேல். பெயரும் ஒரு அடையாளமும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வார அணித் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். நான்கு அணி முறையின் பெரிய ஓட்டை இதுதான்: முதல் வாரம் பார்த்த முகம் இரண்டாம் வாரம் வாசலில் இருக்காது. ஆகவே அறிமுகம் செய்தவர் தன் முறை இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் அவரைத் தேட வேண்டும்.

10. வீட்டுக்கு அழைப்பது

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பது அழைப்பே இல்லை. நாள், நேரம், எவ்வளவு நேரம், வேறு யார் வருகிறார்கள், எல்லாம் சொல்ல வேண்டும்: "வர்ற சனிக்கிழமை ஏழு மணிக்குச் சாப்பிட வாங்க. ஒன்பதுக்கெல்லாம் முடிச்சிரலாம். பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பமும் வருது." மறுக்கவும் இடம் கொடுங்கள்: "தோதுப்படலைன்னா சொல்லுங்க, இன்னொரு நாள் பாக்கலாம்." என்ன சாப்பிடமாட்டார்கள், படி ஏற முடியுமா, வீட்டில் நாய் இருப்பது பரவாயில்லையா என்று முன்பே கேளுங்கள்.

சாப்பாட்டு மேசையில் சாட்சி சொல்ல வைப்பது, அறிவிக்காமல் ஜெபக் கூட்டம் ஆரம்பிப்பது, காணிக்கை, கட்டிட நிதி பற்றிப் பேசுவது: இவற்றில் எதைச் செய்தாலும் அழைத்ததற்கு வேறு நோக்கம் இருந்ததாகத்தான் அவருக்குப் படும். வழக்கம்போல் சாப்பாட்டுக்கு முன் சிறு ஜெபம் போதும். இரண்டு மூன்று வகைக்கு மேல் சமைக்காதீர்கள். ஆடம்பரமாகச் செய்தால் திருப்பி அழைக்க அவர் தயங்குவார். உங்களுக்கும் அடுத்த முறை அலுப்பு வரும்.

11. உதவி கேட்டு வருபவர்

ஆராதனை நேரத்தில் பணம் கேட்டு ஒருவர் வந்தால் வாசல் ஆள் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. விரட்டவும் கூடாது. இருவராக அவரை உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, கேட்டுக்கொள்ளுங்கள். உதவி நிதிக்கென்று கமிட்டி ஒதுக்கிய தொகை இருக்க வேண்டும். இருவர் கையெழுத்தில், முடிந்தவரை பணமாக இல்லாமல் பொருளாகவோ, பயணச் சீட்டாகவோ, மருந்தாகவோ தரலாம். அருகிலுள்ள தங்குமிடம், மருத்துவமனை, சட்ட உதவி ஆகியவற்றின் எண்கள் ஒரு தாளில் வாசலில் இருக்கட்டும். இரவு தங்க இடம் கேட்டால் தனியாக வாழும் உறுப்பினர் யாரும் அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது. ஆதிச்சபையின் திதாகே நூலே வழிப்போக்கர் இரண்டு மூன்று நாள் தங்கலாம், நிலையாக இருக்க விரும்பினால் வேலை செய்து உண்ணட்டும் என்று எல்லை வகுத்திருக்கிறது. எல்லை வைப்பது அன்புக் குறைவு என்று யாராவது குற்றம் சொன்னால் இதைக் காட்டலாம்.

12. செலவு, பதிவு, கைமாற்றம்

செலவு மூன்று வகை: ஒருமுறை செலவு (பலகை, சாய்தளம், கலன், கழுவிப் பயன்படுத்தும் கோப்பை), வாராந்திரச் செலவு (பானம், சிற்றுண்டி, கழிப்பறைப் பொருள்), அச்சுச் செலவு. பணம் கசிவது வாராந்திரச் செலவில்தான், குறிப்பாக ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பையில். கழுவும் கோப்பை வாங்கினால் செலவு குறையும்; கழுவ இரண்டு பேர் கூடுதலாகத் தேவைப்படுவார்கள், அதையும் பட்டியலில் போடுங்கள். சொந்தக் காசில் வாங்கிவிட்டு ரசீது தராமல் இருக்கும் தாராளமனத்தாரைத் தடுங்கள். அவர் விலகும்போது உண்மைச் செலவு யாருக்கும் தெரியாது.

விருந்தினர் உறுப்பினராக விரும்பினால் கேட்கப்படும் தாள்கள் பொதுவாக ஞானஸ்நானச் சான்று, பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம். கடிதம் வர வாரங்கள் ஆகலாம். பழைய சபையோடு மனத்தாங்கல் உள்ளவர் அதைக் கேட்கவே தயங்குவார். அவர் சார்பாக உங்கள் போதகரே எழுதிக் கேட்பது நல்லது. இந்தப் பேச்சை அவராக எடுக்கும்வரை நீங்கள் எடுக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு எண்ணை மட்டும் எழுதுங்கள்: எத்தனை பேர் முதல்முறை வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள். இரண்டாவது எண் குறைந்தால் ஏழாம் பகுதியில் கோளாறு. முதல் எண் குறைந்தால் பெயர்ப்பலகையையும் இணையப் பக்கத்தையும் பாருங்கள்.

"முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று 1 பேதுரு 4:9 சொல்வதில் முதல் சொல்தான் கஷ்டம். ஒரே இரண்டு குடும்பம் வருடக்கணக்கில் கலனைத் தூக்கினால் முறுமுறுப்பு வராமல் என்ன செய்யும்? வருடத்துக்கு மூன்று மாதம் ஒவ்வொருவருக்கும் கட்டாய ஓய்வு கொடுங்கள்.

பொறுப்பை அடுத்தவரிடம் விடும்போது சாவி, பட்டியல், கமிட்டித் தீர்மானம், உதவி எண்கள் தாள், வெற்று அட்டைகள் ஆகியவற்றை எழுத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பூர்த்தியான பழைய அட்டைகளில் ஆறு மாதம் கடந்தவற்றை ஒப்படைப்பதற்கு முந்தைய நாளே கிழித்துவிடுங்கள்.